எழுதாமல் விட்ட கணக்கு

குதிரைப் பந்தயத்தில் வருஷக்கணக்கில் தொடர்ந்து லாபம் பார்க்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்பதுதான் நேர்மையான பதில். சிலர் பார்த்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்பதும் அச்சில் இருக்கிறது. நான் அவர்களில் ஒருவன் அல்ல. அதைத் தெரிந்துகொள்ள ஒரு நோட்டும் பேனாவும் போதும். இரண்டும் என் மேஜையிலேயே கிடந்தன. வாலிபத்தில் தொடங்கித் தலை நரைக்கும்வரை ரேஸ் ஆடிய காலத்தில் அந்த நோட்டில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுதினால் என்ன தெரியவரும் என்பது உள்ளுக்குள் தெரிந்திருந்ததால்தான் எழுதவில்லை. இழந்த பணத்தைவிட இதைத்தான் என் பெரிய தப்பாக நினைக்கிறேன்.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மளிகைக் கடைக்காரர்கள், ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்கள், சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லாம் பில்லும் துண்டுச் சீட்டுமாக மஞ்சள் பையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவற்றைப் பிரித்து, பேரேட்டில் ஏற்றி, வரவு செலவு பார்த்து, ஐந்தொகை போட்டுக் கொடுப்பேன். பத்து ரூபாய் உதைத்தாலும் எங்கே விட்டது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்கமாட்டேன். கணக்கு எழுதாத வியாபாரம் உருப்படாது என்று எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். அதே நான் ரேஸ் நாளில் கிண்டிக்குப் போய், எவ்வளவு கட்டினேன், எவ்வளவு திரும்பி வந்தது என்பதை எங்கேயும் குறிக்காமல் வீடு திரும்பினேன்.

கிண்டி பழைய மைதானம். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே குதிரைகள் ஓடியிருக்கின்றன. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது. முதல் தடவை ஒரு நண்பரோடு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ரேஸ் புத்தகத்தைப் புரட்டியதும் எனக்கு அது என் தொழில் மாதிரியே தோன்றியது. ஒவ்வொரு குதிரையும் முன்பு ஓடிய தூரம், சுமந்த எடை, எடுத்த நேரம், ஏறிய ஜாக்கி, பழக்கிய டிரெய்னர் எல்லாம் வரிசையாக இருந்தன. எண்களைப் படித்து உண்மையைக் கண்டுபிடிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. பக்கத்தில் நிற்பவர்கள் பெயரைப் பார்த்தும் ஜாக்கியின் சட்டை நிறத்தைப் பார்த்தும் கட்டுகிறார்கள், நான் படித்துவிட்டுக் கட்டுகிறேன் என்று நினைத்தேன். அந்தக் கர்வம்தான் என்னை அங்கே கட்டிப் போட்டது.

அந்தக் கர்வத்துக்கு ஒரு தீர்ப்பையும் துணைக்கு வைத்துக்கொண்டேன். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1974இல் சட்டம் வந்தது. வழக்கு பல வருஷம் நடந்து, 1996 ஜனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, அதனால் அது சூதாட்டம் ஆகாது என்பது அதன் சாரம். வீட்டில் யாராவது முகம் சுளித்தால் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துச் சொல்வேன். "சுப்ரீம் கோர்ட்டே இது திறமைன்னு சொல்லியிருக்கு" என்றதும் பேச்சு அடங்கிவிடும்.

நீதிமன்றத்தின் முன்னால் இருந்த கேள்வி வேறு. இந்த விளையாட்டில் திறமைக்கு இடம் உண்டா என்று அது பார்த்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, என்னிடம் அந்தத் திறமை இருக்கிறதா என்பது. இருந்தாலும், பிடித்தம் போக மிஞ்சும் அளவுக்கு இருக்கிறதா என்பது. அதைத் தீர்ப்பில் தேடிப் பயனில்லை. என் கணக்கில்தான் தேட வேண்டும். என்னிடம் கணக்கு இல்லை.

பிடித்தம் என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் நான் படித்துவிட்டும் பார்க்க மறுத்தது இதைத்தான். டோட் என்பது 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலே என்பவர் கொண்டுவந்த முறை. எல்லோரும் கட்டும் பணம் ஒரே குவியலில் சேரும். நடத்துபவர் பங்கும் வரியும் அதிலிருந்து எடுக்கப்படும்; அதுதான் பிடித்தம். மிச்சத்தை ஜெயித்த குதிரையின் மேல் கட்டியவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அதாவது நாம் பணத்தை எதிர்பார்ப்பது பக்கத்து வரிசையில் நிற்பவர் பையிலிருந்துதான். பிடித்தம் ஊருக்கு ஊர் மாறும். ஹாங்காங்கில் வின், பிளேஸ் என்ற இரு வகைப் பந்தயங்களுக்கும் 17.5 சதவீதம். கணக்குக்குச் சுலபமாக 20 என்று வைத்துக்கொள்வோம். கட்டியவர்களின் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு குதிரையின் மேல் இருந்தால், அது ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு நாலு ரூபாய் வரும். அந்த விலையில் நஷ்டமில்லாமல் நிற்பதற்கே, அப்படிப்பட்ட குதிரைகள் நூறு ஓட்டத்தில் 25 தடவை ஜெயிக்க வேண்டும். கூட்டமோ நூற்றுக்கு 20 என்றுதான் மதிப்புப் போட்டிருக்கிறது. ஆக, மைதானத்தில் இருக்கும் எல்லோருடைய அறிவும் சேர்ந்து போட்ட மதிப்பை நான் கால்வாசி மிஞ்சினால்தான் கையைச் சுடாமல் வீடு போய்ச் சேரலாம். லாபம் அதற்கு மேலே.

இன்னொன்றும் உண்டு. யாரும் ஒரே ரேஸோடு நிறுத்துவதில்லை. முதல் ரேஸில் வந்தது இரண்டாவதில் போகும், அதில் வந்தது மூன்றாவதில் போகும். சராசரித் திறமை உள்ள ஒருவர் 1,000 ரூபாயோடு போய், ஏழு ரேஸிலும் கையிலிருப்பதை முழுக்கக் கட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு கழிந்து, சராசரியாக அவர் கையில் மிஞ்சுவது 210 ரூபாய். டோட்டை விட்டுவிட்டு, தானே விலை சொல்லிப் பந்தயம் வாங்கும் புக்கியிடம் போனாலும் இதேதான். பிடித்தம் விலைக்குள் ஒளிந்திருக்கும். சமபலமுள்ள நாலு குதிரைகள் ஓடினால் ஒன்றுக்கு மூன்று கொடுப்பது நியாய விலை. புக்கி ஒன்றுக்கு இரண்டரை கொடுப்பார். அதில்தான் அவர் பிழைப்பு. இந்த எளிய சதவீதக் கணக்கை என்னிடம் வந்த எந்த மளிகைக் கடைக்காரருக்கும் ஐந்து நிமிஷத்தில் புரியவைத்திருப்பேன்.

ரேஸ் புத்தகத்தைப் படிப்பதில் எனக்கு இருந்த நம்பிக்கையும் பாதி தெரிந்த விஷயத்தின் மேல் நின்றது. பல பந்தயங்கள் ஹாண்டிகேப் முறையில் நடக்கின்றன. நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் எடை, பின்தங்கும் குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாமே கோட்டை ஒன்றாகத் தாண்ட வேண்டும் என்ற எண்ணத்தில் ஓர் அதிகாரி எடை போடுகிறார். நான் புத்தகத்தில் கண்டுபிடித்த ஒவ்வொரு வித்தியாசத்தையும் அவர் எனக்கு முன்பே பார்த்து, எடையில் சரிக்கட்டியிருப்பார். அதற்குப் பிறகு மிஞ்சியதைக் கூட்டமும் பார்த்திருக்கும். எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று அநேகமாக ஒன்றுமே இருக்கவில்லை.

அடுத்தது, நான் கட்டிய விதம். ஃபேவரிட் குதிரைகள் உலகத்தின் பல மைதானங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு ரேஸை ஜெயிக்கின்றன. அவற்றின் மேலேயே கட்டிக்கொண்டிருந்தாலும் நஷ்டம்தான், ஆனால் நஷ்டம் குறைவு. யாரும் சீந்தாத குதிரையின் மேல் ஜனங்கள் அதன் தகுதிக்கு மீறிக் கட்டுகிறார்கள் என்று 1949இல் ரிச்சர்ட் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். பிறகு பல நாடுகளில் அதே போக்கைப் பார்த்தார்கள். 1956இல் வில்லியம் மெக்லாத்லின், நாளின் கடைசி ரேஸ்களில் இந்த ஆசை கூடுகிறது என்று கண்டார். அவர் விவரித்த ஆள் நான்தான். மூன்றாவது ரேஸ்வரை நிதானமாக இருப்பேன். போனதை மீட்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் ஒன்றுக்கு இருபது, முப்பது கொடுக்கும் குதிரையைத் தேடுவேன். ஜாக்பாட் சீட்டும் வாங்குவேன். ஐந்து ரேஸிலும் ஜெயிப்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ரேஸுக்குப் பத்துக் குதிரை என்றால் ஒரு லட்சம் சேர்க்கைகள். காலையில் எண்களைப் படித்த மனுஷனுக்கும் மாலையில் சீட்டு வாங்கிய மனுஷனுக்கும் சம்பந்தமே இல்லை. காலையில் படித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நான் அறிவோடு ஆடுகிறவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மையிலேயே ஜெயித்தவர்களைப் பற்றிப் பிற்பாடுதான் படித்தேன். பில் பென்டர் என்ற அமெரிக்கர், லாஸ் வேகஸில் சீட்டாட்டத்தில் சீட்டுகளை எண்ணி ஆடியவர். 1980களின் நடுவில் ஆலன் வுட்ஸ் என்ற ஆஸ்திரேலியரோடு ஹாங்காங் போனார். அங்கே ஹேப்பி வேலி, ஷா டின் என்று இரண்டே மைதானம். அதே குதிரைகள் திரும்பத் திரும்ப ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சுத்தமான பதிவு உண்டு. கட்டப்படும் தொகையும் மிகப் பெரியது. ஒவ்வொரு குதிரையின் வாய்ப்பையும் கணக்கிடக் கணினி நிரல் எழுதினார். தொடக்கத்தில் அவருக்கும் நஷ்டம். பிறகு என்ன மாற்றினார் என்பதை 1994இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார்: தன் நிரல் சொன்ன வாய்ப்பை மட்டும் நம்பாமல், கூட்டம் போட்ட விலையையும் கணக்குக்குள் சேர்த்தார். தனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரியும் என்று ஒப்புக்கொண்டு, மிஞ்சியிருக்கும் சிறு வித்தியாசத்தில் மட்டும் பணம் போட்டார்.

இதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. நான் கூட்டத்தை முட்டாள்கள் என்று நினைத்தேன். உலகத்திலேயே இதில் அதிகம் சம்பாதித்தவர்களில் ஒருவர் கூட்டத்தைத் தன் ஆசானாக வைத்திருந்தார். எவ்வளவு கட்டுவது என்பதிலும் அப்படித்தான். 1956இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜே.எல். கெல்லி ஒரு சூத்திரம் தந்தார். ஒன்றுக்கு நாலு கொடுக்கும் குதிரையில் நமக்கு ஐந்து சதவீதம் சாதகம் என்றால், கையிருப்பில் ஒன்றேகால் சதவீதம் கட்டலாம். லட்சம் ரூபாய் இருந்தால் 1,250. சாதகமே இல்லையென்றால் சூத்திரம் தரும் விடை பூஜ்யம். நான் சம்பளக் கவரில் பாதியைக் கட்டியவன். எனக்குச் சாதகம் உண்டா என்று ஒருமுறையும் அளந்து பார்க்காதவன். பென்டர் போன்றவர்களுடைய முழு வேலையும் அளப்பதுதான். குதிரைகள் பிறகு வருகின்றன.

நம் நாட்டு வரியையும் சொல்லிவிட வேண்டும். அது என் தொழில். தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவு, பந்தயத்தில் ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம் வரி போட்டது. தோற்ற பந்தயங்களின் நஷ்டத்தை அதில் கழிக்க வழியில்லை. ஒருவருக்கு ஒரு வருஷத்தில் சில பந்தயங்களில் ஒரு லட்சம் வந்து, வேறு பந்தயங்களில் ஒரு லட்சம் போனால், கையில் ஒன்றும் மிஞ்சாது; ஆனால் 30,000 ரூபாய் வரி பாக்கி. ஜிஎஸ்டி 2017இல் வந்தபோது பந்தயத்துக்கு 28 சதவீதம் என்று வைத்தார்கள். 2018இல் கொண்டுவந்த விதி, கட்டும் தொகை முழுவதுக்கும் அந்த வரி என்றது. அது நீதிமன்றம்வரை போன விவகாரம். 2025 செப்டம்பரில் விகிதம் 40 ஆனது. ஹாங்காங்கில் 17.5 சதவீதப் பிடித்தத்தைத் தாண்டவே கணினியும் கணித வல்லுநர்களும் தேவைப்பட்டார்கள் என்றால், இங்கே ரேஸ் புத்தகமும் பேனாவும் வைத்துக்கொண்டு தாண்டுவேன் என்று ஒரு கணக்குப்பிள்ளை நம்பியதை என்னவென்று சொல்வது.

வீட்டுக்குச் செய்ததைச் சுருக்கிச் சொல்வது தப்பிப்பது ஆகாது என்று நினைக்கிறேன். மகளின் கல்லூரிக்கென்று மனைவி கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்தேன். அலுவலகத்தில் பாக்கிச் சம்பளம் வர வேண்டியிருக்கிறது, வந்ததும் வைத்துவிடுவேன் என்று சொன்னேன். "என்னங்க, எப்ப வரும்னு கேட்டீங்களா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒரு தேதி சொன்னேன். பொய்யான சீட்டு எழுதும் வியாபாரிகளை அலுவலகத்தில் கடிந்துகொண்டவன், வீட்டில் அதே வேலையைச் செய்தேன்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு தம்பி சேர்ந்தான். விழுப்புரம் பக்கம். கணக்கில் நல்ல கை. என்னிடம்தான் வேலை கற்றான். ரேஸைப் பற்றி அவனிடம் பேசுவேன். எந்தக் குதிரையை எப்படிக் கண்டுபிடித்தேன், எவ்வளவு வந்தது என்று விவரமாகச் சொல்வேன். வராத நாட்களைப் பற்றிப் பேசவே மாட்டேன். ஒரு நாள் அவனும் வந்தான். "சார், நீங்க சொன்னா கணக்குப் பார்த்துத்தான் சொல்வீங்க" என்றான். அந்த நம்பிக்கையை நான் மறுக்கவில்லை; எனக்கு அது இனித்தது. கிண்டியில் ரேஸ் இல்லாத நாளில் பெங்களூர், ஹைதராபாத் ரேஸ்களில் கட்டத் தொடங்கினான். மீட்டர் வட்டிக்கு வாங்கினான். கடைசியில் அவன் அப்பா ஊரிலிருந்து வந்து, நிலத்தை விற்றுக் கடனை அடைத்து, அவனைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதும் அவன் என்னைக் குறை சொல்லவில்லை. "எனக்கு உங்க அளவுக்குத் தெரியல சார்" என்றான்.

எனக்கும் தெரியாது, நானும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எழுதாத கணக்கு எனக்கு மட்டும் கேடு என்று நினைத்திருந்தேன். ஜெயித்ததை மட்டும் ஊருக்குச் சொல்கிற ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குப் பொய்க் கணக்குக் காட்டுகிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு ஓர் இரவு உட்கார்ந்தேன். என் தொழிலில், கணக்கே எழுதாத வியாபாரிக்கு லாப நஷ்டம் பார்க்க ஒரு வழி உண்டு. ஆரம்பத்தில் என்ன சொத்து, என்ன கடன். இப்போது என்ன சொத்து, என்ன கடன். இடையில் வந்த வருமானம் எவ்வளவு, குடும்பச் செலவு எவ்வளவு. இவற்றைப் போட்டால் காணாமல் போன தொகை தானாக வெளியே வந்து நிற்கும். பாஸ்புக், சம்பளச் சீட்டு, அடகு ரசீது, வீட்டு வாடகை எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, யாரோ ஒரு கட்சிக்காரருக்குச் செய்வதுபோல் எனக்குச் செய்தேன். ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய்க்குக் கணக்கு இல்லை. லாபத்தில் இருக்கிறேன், மோசமென்றால் சமமாக இருக்கிறேன் என்று நம்பிவந்த ஆளின் விடை அது. காலையில் அந்தத் தாளை மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். சீட்டுப் பணத்தைப் பற்றியும் சொன்னேன். பல மாதங்கள் எங்கள் வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது, அது நியாயம்.

2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து கிண்டி மைதானத்துக்குச் சீல் வைத்தபோது, இனிமேல் கவலையில்லை என்று ஒரு உறவினர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வாசல் மூடினால் நாட்டில் வேறு மைதானங்கள் இருக்கின்றன. என்னை அங்கே கொண்டுபோனது மைதானம் இல்லை, என்னைப் பற்றி நான் வைத்திருந்த மதிப்பு. அதற்குச் சீல் வைக்க வேறு யாரும் வரமாட்டார்கள்.

இதில் சம்பாதிக்க முடியும் என்று நம்பும் இளைஞர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டாமல், ஒரு சீசன் முழுவதும் தாளில் மட்டும் ஆடிப் பாருங்கள். ரேஸ் தொடங்கும் முன்பே எந்தக் குதிரை, என்ன விலை, எவ்வளவு தொகை என்று எழுதுங்கள். முடிந்ததும் விடையை எழுதுங்கள். ரேஸ் புத்தகத்தின் விலை, போக்குவரத்து, வரி எல்லாவற்றையும் கழியுங்கள். ஒன்றையும் விடாதீர்கள், இது கணக்கில் சேராது என்று எதையாவது தள்ளிவைக்கத் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், நான் தவறியது அந்த இடத்தில்தான். அந்தக் கணக்கை உங்கள் வீட்டில் ஒருவரிடம் காட்ட மனம் வரவில்லையென்றால், லாபமா நஷ்டமா என்ற கேள்விக்கு வேறு விடை தேட வேண்டாம்.

என் வாயால் வெற்றிக் கதைகளைக் கேட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் என்னைப் புத்திசாலி என்று நம்பினார்கள். ஒருவன் நிலத்தை இழந்தான். அவர்களுக்கு நான் சொல்லாமல் விட்ட மீதி இதுதான். நான் சொன்ன வெற்றிகள் நடந்தவைதான். ஆனால் அவற்றைச் சொன்ன நாட்களிலும், நீங்கள் என்னைப் பாராட்டிய நாட்களிலும், மொத்தத்தில் நான் நஷ்டத்தில்தான் இருந்தேன்.